அண்ணன் அனுப்பிய கணக்கில் கையெழுத்துப் போடுவதற்கு முன்

கேள்வி: என் அப்பா 2023 ஏப்ரலில் சென்னையில் காலமானார். அம்மா முன்பே இறந்துவிட்டார். அப்பா பதிவு செய்த உயில் வைத்திருந்தார். பெரம்பூர் வீடு எனக்கு, கடைசி ஆறு வருஷம் சம்பளத்துக்கு வீட்டோடு இருந்து அவரைப் பார்த்துக்கொண்ட பணிப்பெண் அக்காவுக்கு 2 லட்சம், மீதி எல்லாம் அண்ணன், நான், தம்பி மூவருக்கும் சமம். அண்ணன்தான் எக்ஸிகியூட்டர் (உயிலை நிறைவேற்றும் பொறுப்பாளர்). 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றத்தில் ப்ரொபேட் (உயில் செல்லும் என்ற நீதிமன்றச் சான்று) வாங்கினார். வீட்டு மாடியில் உள்ள இரண்டு போர்ஷனுக்கும் சேர்த்து மாதம் 22,000 வாடகை. 2025 ஜனவரியில் இருந்துதான் அது எனக்கு வருகிறது. இப்போது வாட்ஸ்அப்பில் மூன்று பக்க எக்செல் கணக்கு அனுப்பி, மீதி 19,20,000, ஆளுக்கு 6,40,000, கூடவே இருக்கும் ரசீதில் கையெழுத்துப் போட்டால் பணம் போடுகிறேன் என்கிறார். அப்பாவின் 15 லட்சம் எஃப்.டி. அதில் இல்லை, கேட்டால் "நான்தான் நாமினி" என்கிறார். ஆஸ்பத்திரி செலவு 6,20,000 என்று இருக்கிறது, ஆனால் இன்ஷூரன்ஸில் 4,50,000 வந்ததாக அப்போது அவரே சொன்னார். அந்த அக்காவுக்கு இன்னும் எதுவும் தரவில்லை. கேள்வி கேட்டால் "என் மேலேயே சந்தேகமா" என்று கோபம் வருகிறது. கணக்குக் கேட்க எனக்கு உரிமை உண்டா? உறவு முறிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

— பெயர் வேண்டாம், திருச்சி

பதில்:

சகோதரி, முதலில் அந்த ரசீதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவசரம் அதில்தான் இருக்கிறது. கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் அனுப்பிய நகலைப் படித்தேன். "கணக்கை முழுமையாகப் பார்த்துத் திருப்தியடைந்து, இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்" என்று எழுதியிருக்கிறது. அது பணம் வாங்கியதற்கான ரசீது இல்லை, விடுதலைப் பத்திரம். கொடுத்த பணத்துக்கு ரசீது கேட்க அண்ணனுக்கு முழு உரிமை உண்டு. கேள்வி கேட்கும் உரிமையை விட்டுக்கொடுத்தால்தான் பணம் என்று நிபந்தனை போட உரிமை கிடையாது. 6,40,000-ஐ இப்போதே தருகிறார் என்றால் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள், ரசீதில் மட்டும் "என் பங்கில் ஒரு பகுதியாக, கணக்குச் சரிபார்ப்புக்கு உட்பட்டுப் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதுங்கள். அதற்கு அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் பணம் கொஞ்ச நாள் அங்கேயே இருக்கட்டும், ஓடிப்போகாது.

அடுத்து, உரிமை. நிச்சயமாக உண்டு. உயிலின் எக்ஸிகியூட்டர் என்பவர் சொத்தின் முதலாளி இல்லை. இறந்தவர் சார்பில், பயனாளிகளுக்காக அதைக் கையில் வைத்திருப்பவர், அவ்வளவுதான். இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925, பிரிவு 317 சொல்வது இது: ப்ரொபேட் கிடைத்த ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலையும், ஒரு வருஷத்துக்குள் எவ்வளவு கைக்கு வந்தது, எப்படிச் செலவானது என்ற கணக்கையும் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். நீங்கள் கேட்டால்தான் என்றில்லை, கேட்காவிட்டாலும் செய்ய வேண்டும். ப்ரொபேட் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள், அந்த ஆறு மாதம், ஒரு வருஷம் என்ற வாசகம் அதிலேயே இருக்கும். உங்கள் விஷயத்தில் பட்டியல் 2025 பிப்ரவரிக்குள், கணக்கு 2025 ஆகஸ்டுக்குள் போயிருக்க வேண்டும். நடைமுறையில் நிறைய பேர் ப்ரொபேட்டை வாங்கி பீரோவில் வைத்துவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள், அவர்களுடைய வக்கீலும் நினைவுபடுத்துவதில்லை. எனவே உங்கள் அண்ணன் தாக்கல் செய்திருக்கிறாரா இல்லையா என்று அவரிடம் கேட்டு மல்லுக்கட்ட வேண்டாம். ப்ரொபேட் மனு எண்ணைப் போட்டு உயர் நீதிமன்றத்தின் ஒரிஜினல் சைடில் (ப்ரொபேட் போன்றவை நேரடியாகத் தாக்கலாகும் பிரிவில்) நகல் மனு கொடுத்தால் தெரிந்துவிடும். தாக்கல் செய்திருந்தால் சான்றிட்ட நகல் கிடைக்கும், வாட்ஸ்அப் எக்செல்லையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அதுவே பாதி விடை.

சரி, கணக்குக்கு வருவோம். மூன்று பக்கத்தையும் பார்த்தபோது என் கண்ணில் முதலில் பட்டது எஃப்.டி. இல்லை, முதல் வரிதான். கணக்கு 2024 ஜனவரியில் ஆரம்பிக்கிறது. அப்பா இறந்தது 2023 ஏப்ரல். நடுவில் எட்டு மாதம் எங்கே? இறந்தவரின் கணக்கு எதுவானாலும் இறந்த தேதியில் ஆரம்பிக்க வேண்டும், அன்றைக்கு ஒவ்வொரு பாஸ்புக்கிலும் இருந்த தொகைதான் ஆரம்ப இருப்பு. ஆரம்ப இருப்பு இல்லாத கணக்கில் கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாக இருந்தாலும் அதற்கு அர்த்தம் இல்லை. இது வேண்டுமென்றே செய்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். நான் பார்த்த வரையில் இந்த மாதிரிக் குழப்பத்தில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் இருந்துதான் கிளம்புகின்றன: எக்ஸிகியூட்டர் தனியாக ஒரு வங்கிக் கணக்கு திறக்காமல், வாடகை, டிவிடெண்ட், ஆஸ்பத்திரி, காரியச் செலவு எல்லாவற்றையும் தன் சொந்தக் கணக்கிலேயே ஓட்டிவிடுகிறார். ஒரு வருஷம் கழித்து உட்கார்ந்து நினைவில் இருந்து எழுதும்போது செலவு ஞாபகம் இருக்கும், வரவு மறந்துபோகும். அதனால் உங்கள் முதல் கடிதம் குற்றச்சாட்டாக இருக்க வேண்டாம்.

இப்போது அந்த வாடகை. இதை நீங்கள் கேள்வியில் பெரிதாகச் சொல்லவே இல்லை, ஆனால் எனக்கு இதுதான் தெளிவான பிழை. எக்செல்லில் 2024-ஆம் வருஷத்து வாடகை 2,64,000-ஐப் பொது வரவில் சேர்த்து, வீட்டு வரி, தண்ணீர் வரி, மோட்டார் ரிப்பேர் என்று 38,000-ஐக் கழித்து, மீதியை மூன்றாகப் பிரித்திருக்கிறார். அந்த வீடு உயிலில் குறிப்பாக உங்களுக்கு எழுதிய சொத்து. அப்படிக் குறிப்பிட்டு எழுதிய சொத்தின் நிகர வருமானம், அப்பா இறந்த நாளில் இருந்தே அதைப் பெறுபவருக்குச் சேரும் என்று பிரிவு 349 சொல்கிறது. ப்ரொபேட் எப்போது வந்தது, சாவி எப்போது கைமாறியது என்பதெல்லாம் பொருட்டில்லை. 2025 ஜனவரியில் வாடகையை உங்கள் பக்கம் திருப்பிவிட்டதே எக்ஸிகியூட்டரின் சம்மதம்தான், அது எழுத்தில் இருக்க வேண்டியதில்லை, நடத்தையில் தெரிந்தாலே போதும். அந்தச் சம்மதம் இறந்த நாளில் இருந்து செல்லுபடியாகும் என்கிறது பிரிவு 336. ஆக 2023 மே முதல் 2024 டிசம்பர் வரை இருபது மாதம், 4,40,000. அண்ணன் எழுதிய 38,000-ஐ அப்படியே ஒப்புக்கொண்டு கழித்தாலும் 4,02,000 உங்களுடையது. எக்செல்லின்படி அதில் உங்களுக்கு வருவது சுமார் 75,000. முதல் எட்டு மாத வாடகை 1,76,000 கணக்கில் எங்கும் இல்லை.

ஒரு விஷயம் மட்டும். 2024 வாடகையைப் பொதுவில் இருந்து வெளியே எடுத்தால் தம்பியின் பங்கும் கொஞ்சம் குறையும். அதை அவர் அண்ணன் வாயால் கேள்விப்படுவதற்கு முன் நீங்களே போன் செய்து சொல்லிவிடுங்கள், எஃப்.டி. உள்ளே வந்தால் அவருக்கு இதைவிடப் பல மடங்கு கூடும் என்பதையும் சேர்த்து.

எஃப்.டி.க்கு வருவோம். "நான்தான் நாமினி" என்பதைத் தமிழ்நாட்டில் பாதி வீடுகளில் கேட்கலாம், வங்கியில் கவுன்டரில் இருப்பவர்கள்கூடச் சில சமயம் அப்படித்தான் பேசுகிறார்கள். நாமினி என்பவர் வங்கியிடம் இருந்து பணத்தை வாங்கிக்கொள்ள அனுமதிக்கப்பட்டவர். வாங்கிய பணம் யாருக்குச் சொந்தம் என்பதை உயிலோ வாரிசுச் சட்டமோதான் முடிவு செய்யும். வங்கி வைப்புத்தொகை விஷயத்தில் 2010-இல் ராம் சந்தர் தல்வார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. பங்குகள், மியூச்சுவல் ஃபண்டு விஷயத்திலும் 2023 டிசம்பரில் சக்தி யஸ்தானி வழக்கில் அதையேதான் சொன்னது. எனவே அந்த 15 லட்சமும், இறந்த தேதிக்குப் பிறகு அதில் ஏறிய வட்டியும் "மீதி எல்லாம்" என்பதற்குள் வந்து மூன்றாகப் பிரிய வேண்டும்.

ஆனால் எல்.ஐ.சி. பாலிசி ஒன்று அண்ணன் பெயரில் நாமினேஷனோடு இருந்ததாக, இங்கே சுருக்கிப் போட்ட உங்கள் கடிதத்தில் எழுதியிருந்தீர்களே, அதையும் இதோடு சேர்த்துக் கேட்காதீர்கள். 2015-இல் இன்ஷூரன்ஸ் சட்டத்தைத் திருத்தி, பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே உரியது என்ற பொருளில் வாசகம் சேர்த்தார்கள். அந்த வாசகம் அண்ணனுக்குச் சாதகம். அதன்பிறகும் உயர் நீதிமன்றங்கள் எல்லாம் ஒரே குரலில் பேசவில்லை என்பது உண்மைதான், அதற்காக வலுவான எஃப்.டி. கோரிக்கையோடு வலுவில்லாத ஒன்றைக் கட்டி இழுப்பது புத்திசாலித்தனம் இல்லை.

ஆஸ்பத்திரிச் செலவு, காரியச் செலவு இரண்டும் சொத்தில் இருந்து முதலில் எடுக்க வேண்டியவைதான், பிரிவு 320 அப்படித்தான் வரிசை வைக்கிறது. கடன்களுக்கும் முன்னால் அவைதான். அதனால் 6,20,000-ஐ எழுதியது தப்பில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனி திருப்பிக் கொடுத்த 4,50,000-ஐ வரவில் எழுதாததுதான் தப்பு. செலவு ஒரு பக்கம் முழுசாக, வரவு மறுபக்கம் காணோம் என்றால் அந்தத் தொகை இரண்டு முறை கழிந்த மாதிரி. ஆஸ்பத்திரியின் இறுதி பில்லையும், இன்ஷூரன்ஸின் செட்டில்மென்ட் கடிதத்தையும் கேளுங்கள். பணம் ஆஸ்பத்திரிக்கு நேராகப் போனதா, யாருடைய கணக்கிலாவது வந்ததா என்பது அந்த ஒரு தாளில் தெரிந்துவிடும்.

காரியச் செலவு 5,10,000 என்று ஒரே வரியில் இருக்கிறது. அதில் பதினாறாம் நாள் வரை ஆன செலவைத் துருவ வேண்டாம் என்பது என் அபிப்பிராயம், சட்டமும் அவரவர் அந்தஸ்துக்கு ஏற்ற நியாயமான செலவு என்றுதான் கேட்கிறது. ஆனால் காசி, ராமேஸ்வரம் போய்வந்த செலவும் தலைத்திவசமும் அதற்குள் இருப்பதாக அதே கடிதத்தில் சொல்கிறீர்கள். அது வேறு வகை. மதம், தர்மம் சார்ந்த செலவை உயர் நீதிமன்ற அனுமதியோடு செய்யலாம் என்று பிரிவு 308 சொல்கிறது, அல்லது மூவரும் மனம் ஒத்து ஏற்றுக்கொள்ளலாம். அப்பாவுக்காகச் செய்தது என்று உங்களுக்குத் தோன்றினால் ஏற்றுக்கொள்ளுங்கள், தப்பே இல்லை. ஆனால் எவ்வளவு என்று தெரிந்து ஏற்றுக்கொள்ளுங்கள்.

இனி நீங்கள் ஒரே ஒரு வரியில் எழுதிய அந்த அக்கா. என்னை அதிகம் உறுத்தியது இதுதான். நீங்கள் மூவரும் உங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள முடியும், வக்கீல் வைக்க முடியும், எனக்குக் கடிதம் எழுத முடியும். ஆறு வருஷம் உங்கள் அப்பாவைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, ராத்திரியில் எழுந்து பார்த்த அந்தப் பெண்ணுக்கு உயிலில் தன் பெயர் இருக்கிறது என்று யாராவது சொன்னார்களா என்றே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அந்த 2 லட்சம் அண்ணன் மனசு வைத்துக் கொடுக்கும் தர்மம் இல்லை. உங்கள் மூவரின் பங்கைக் கணக்குப் போடுவதற்கு முன்பே எடுத்து வைக்க வேண்டிய தொகை. அப்பா இறந்த ஒரு வருஷம் வரை எக்ஸிகியூட்டருக்குச் சட்டம் அவகாசம் தருகிறது, பிரிவு 337. அதற்குப் பிறகு வட்டி ஓட ஆரம்பிக்கும், இந்து எழுதிய உயிலில் வருஷத்துக்கு 6 சதவீதம் என்று பிரிவு 353-லேயே விகிதம் இருக்கிறது. 2024 ஏப்ரலில் இருந்து வருஷத்துக்கு 12,000 வீதம், 2026 ஏப்ரல் வரை 24,000. கடைசி மூன்று மாதச் சம்பளத்தில் ஏதாவது பாக்கி இருந்தால் அதுவும் மற்ற சாதாரணக் கடன்களுக்கு முன்னால் கொடுக்க வேண்டியது. இதற்காக அண்ணனோடு மோத வேண்டியதில்லை, ஆனால் உங்கள் கடிதத்தில் இந்தக் கோரிக்கை இருக்கட்டும். அந்த அக்காவுக்கு உயிலின் நகல் ஒன்றை நீங்களே கொடுத்துவிடுங்கள், தயவுசெய்து.

மொத்தமாகப் போட்டுப் பார்ப்போம். அண்ணன் காட்டும் மீதி 19,20,000. எஃப்.டி. 15,00,000-ஐயும் இன்ஷூரன்ஸ் 4,50,000-ஐயும் கூட்டுங்கள். பொதுவில் தவறாகச் சேர்ந்த 2024-இன் நிகர வாடகை 2,26,000-ஐயும் அந்த அக்காவுக்குரிய 2,24,000-ஐயும் கழியுங்கள். 34,20,000 வருகிறது, ஆளுக்கு 11,40,000. அதோடு உங்கள் வாடகை 4,02,000 தனி. ஆக 6,40,000 இருந்த இடத்தில் 15,42,000. எஃப்.டி. வட்டி, விடுபட்ட எட்டு மாதத்து மற்ற வரவு செலவு, காசிச் செலவு எல்லாம் தெரிந்தால் இது ஏறவோ இறங்கவோ செய்யலாம், ஆனால் கணக்கு எந்தத் திசையில் தவறியிருக்கிறது என்பதில் சந்தேகம் இல்லை.

என்ன ஆவணம் கேட்பது? இறந்த தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்து இன்று வரை அப்பாவின் எல்லா வங்கிக் கணக்குகளின் ஸ்டேட்மென்ட். அப்பாவின் பான் எண்ணுக்கான 26ஏஎஸ், ஏஐஎஸ் இரண்டும், 2022-23 முதல். இதைப் பலர் யோசிப்பதில்லை, ஆனால் எந்த வங்கியில் எவ்வளவு வட்டி வந்தது, எந்தக் கம்பெனி டிவிடெண்ட் கொடுத்தது என்று வருமான வரித் துறையே எழுதி வைத்திருக்கும் பட்டியல் அது, யாருக்கும் ஞாபகம் இல்லாத எஃப்.டி.கூட அதில் தலைகாட்டும். சட்டப்பூர்வப் பிரதிநிதியாகப் பதிவு செய்துகொண்டு அண்ணன் அதை இறக்கித் தர முடியும். டீமேட் கணக்கு இருந்தால் இறந்த தேதியன்று இருந்த பங்குகளின் பட்டியல். ஐந்தாயிரத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு செலவுக்கும் பில். அண்ணனின் சொந்த வங்கிக் கணக்கு முழுவதையும் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை, அப்பாவின் பணம் அதன் வழியாக ஓடிய பதிவுகளை மட்டும் கேட்கலாம். அதேபோல் ஒவ்வொரு சின்ன முடிவுக்கும் உங்கள் அனுமதி வாங்கியிருக்க வேண்டும் என்றும் கோர முடியாது, நிர்வாகம் அவர் பொறுப்பு. இதுவரை அலைந்ததற்கு வண்டிச் செலவு, வக்கீல் ஃபீஸ், கோர்ட் ஃபீஸ் எல்லாம் அவர் எடுத்துக்கொள்ளலாம், எடுத்துக்கொள்ளவும் வேண்டும். கடைசிப் பக்கத்தில் "நிர்வாகக் கட்டணம்" என்று ஒரு காலி வரி விட்டிருக்கிறார், அதை நிரப்பும்போது தானாக ஒரு சதவீதத்தை முடிவு செய்துகொள்ள முடியாது. பிரிவு 309 அதற்கு ஒரு உச்சவரம்பு வைத்திருக்கிறது.

இதையெல்லாம் ஒரு கடிதமாக, வக்கீல் நோட்டீஸாக இல்லாமல் உங்கள் கைப்பட எழுதி, டெலிவரி அத்தாட்சியோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். முப்பது நாள் அவகாசம் கொடுங்கள். "அண்ணா, நீங்கள் அலைந்தது எனக்குத் தெரியும், கணக்கில் சில இடம் விடுபட்டிருக்கிறது, சேர்ந்து உட்கார்ந்து சரி செய்வோம்" என்று ஆரம்பித்தால் போதும். வாட்ஸ்அப் குடும்ப குரூப்பில் இதைப் பேசாதீர்கள். அங்கே சித்தப்பா, பெரியம்மா எல்லோரும் பார்க்க ஒருவர் தன் பிழையை ஒப்புக்கொள்ளமாட்டார்.

கட்டிக்கொடுத்த பெண் கணக்குக் கேட்டால் பேராசை, அண்ணன் கணக்குக் கொடுக்காவிட்டால் மரியாதை என்று நம் வீடுகளில் ஒரு வழக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் பயம் அங்கிருந்து வருவது எனக்குப் புரிகிறது. ஆனால் உயிலை எழுதியது உங்கள் அப்பா. வீடு உனக்கு, மீதி மூவருக்கும் சமம் என்று நிதானமாக யோசித்து, சார்பதிவாளர் அலுவலகம் வரை போய்ப் பதிவு செய்திருக்கிறார். நீங்கள் கேட்பது அவர் எழுதியது நடக்க வேண்டும் என்பதைத்தான்.

முப்பது நாளில் பதில் வராவிட்டால், அல்லது "முடியாது" என்று வந்தால், அப்போது ஒரு வக்கீலைப் பாருங்கள். பட்டியலும் கணக்கும் தாக்கல் செய்ய உத்தரவிடக் கேட்டு ப்ரொபேட் கொடுத்த நீதிமன்றத்திலேயே மனு போடலாம், உத்தரவுக்குப் பிறகும் வேண்டுமென்றே தாக்கல் செய்யாமல் இருப்பதும், தெரிந்தே பொய்க் கணக்கு கொடுப்பதும் குற்றம். நியாயமான காரணம் இல்லாமல் கணக்குத் தாக்கல் செய்யாததும், முக்கிய விஷயத்தில் பொய்யான கணக்குக் கொடுத்ததும் ப்ரொபேட்டையே ரத்து செய்யப் பிரிவு 263-இல் காரணங்களாக இருக்கின்றன. பிரிவு 301-இல் எக்ஸிகியூட்டரை நீக்கவும் உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. சொத்தைத் தவறாகப் பயன்படுத்தியதால் வந்த நஷ்டத்தை அவர் கைப்பணத்தில் இருந்து ஈடுகட்ட வேண்டும் என்பது பிரிவு 368. கடைசியாக, சொத்து நிர்வாக வழக்குப் போட்டு நீதிமன்றமே கமிஷனரை வைத்துக் கணக்குப் பார்க்கச் செய்யலாம், ஆனால் அது வருஷக்கணக்கில் இழுக்கும், நான் அதைக் கடைசியில்தான் வைப்பேன். அதற்கு முன் உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005 முதல் இயங்கும் சமரச மையத்தை யோசியுங்கள். மூன்று பேர், ஒரு பொதுவான பட்டயக் கணக்காளர், ஒரு மேஜை என்றால் இந்த அளவுக் கணக்கு சில அமர்வுகளில் தீர்ந்துவிடக் கூடியதுதான்.

காலக்கெடு போய்விடுமோ என்ற பதற்றம் வேண்டாம். உயிலில் எழுதிய பங்கை எக்ஸிகியூட்டரிடம் கேட்டு வழக்குப் போட, அது கொடுக்க வேண்டியதான நாளில் இருந்து பன்னிரண்டு வருஷம் இருக்கிறது. ஆனால் வங்கிகள் பழைய பதிவுகளைக் காலத்துக்கும் வைத்திருக்காது, ஆஸ்பத்திரியும் அப்படித்தான், அதனால் நகல் மனுவை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். பெரம்பூர் வீட்டுக்குப் பட்டா, வீட்டு வரி, மின் இணைப்பு இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது என்றால், ப்ரொபேட்டின் சான்றிட்ட நகலை வைத்து அவற்றையும் இப்போதே மாற்ற விண்ணப்பியுங்கள். அதற்கு இந்தக் கணக்கு முடியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.